கோலம் அழகு, கூச்சல் அப்படியே

கோயம்புத்தூரில் ஒரு கோ-வொர்க்கிங் ஹால். நீளம் 10 மீட்டர், அகலம் 6, உயரம் 3. இரண்டு பக்கம் கண்ணாடி, கீழே டைல்ஸ், மேலே வெறும் கான்கிரீட். மிச்சமிருந்த நீளச் சுவர் முழுக்கப் புள்ளிக்கோல வடிவத்தில் ஒலியை உறிஞ்சும் அக்கூஸ்டிக் பேனல். பார்க்க அத்தனை அழகு. நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினேன். 'டர்ர்ர்' என்று ஓசை சுவருக்கும் கண்ணாடிக்கும் ஓடியது.

"ஏனுங்க, மூணு லட்சம் போட்டிருக்கேன். இன்னும் இரைச்சல் தாங்கலீங்களே?" என்றார் உரிமையாளர்.

ஒரு பேனலைக் கழற்றினோம். உள்ளே 50 மி.மீ. ராக்வூல் (பாறையிழைப் பஞ்சு), நல்ல சரக்கு. ஆனால் மேலே ரெக்சின்! துடைக்கச் சுலபம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பேனல் வேலை செய்வதே காற்றின் அதிர்வு பஞ்சுக்குள் நுழைந்து, இழைகளில் உராய்ந்து, சூடாக மாறுவதால்தான். ரெக்சின் போட்டால் பேச்சின் கூர்மையான ஒலிகள் மேலேயே பட்டுத் திரும்பிவிடும். துணி வாங்கும்போது வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபக்கம் வராத துணி வேண்டாம். பேனல் மேல் பெயின்ட் அடிப்பதும் இதே கதைதான்.

இப்போது 9 மி.மீ. ஃபெல்ட் ஷீட்டைச் சுவரோடு ஒட்டி விடுவது ஃபேஷன். சுவரை ஒட்டியபடி காற்று அசைவதே இல்லை. அங்கே உராய என்ன இருக்கிறது? பின்னால் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து 50 மி.மீ. இடைவெளி விட்டால், அதே ஷீட் கனத்த குரலையும் ஓரளவு பிடிக்கும்.

எவ்வளவு பரப்பு தேவை என்பதற்குக் கணக்கு உண்டு. 1895-இல் ஹார்வர்டில் பேச்சே புரியாத ஒரு விரிவுரை அறையைச் சரிசெய்யச் சொன்னார்கள். அங்கே இயற்பியல் கற்பித்த வாலஸ் சபைன் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து அடுக்கி அடுக்கி அளந்தார். அதில் பிறந்த சூத்திரப்படி, இந்த ஹாலின் எதிரொலி நேரத்தை, அதாவது ஓசை நின்றபின் அதன் எதிரொலி அடங்க எடுக்கும் நேரத்தை, 1.4 நொடியிலிருந்து 0.6-க்கு இறக்க, விழும் ஒலியில் 80 சதவீதத்தை உறிஞ்சும் பேனல் சுமார் 370 சதுர அடி வேண்டும். ரிசப்ஷனில் ஆறுக்கு நாலடியில் ஒன்று மாட்டுவது அலங்காரம், அவ்வளவே.

இன்னொன்று: மீட்டிங் ரூம் பேச்சு வெளியே கேட்பதைப் பேனல் தடுக்காது. அதற்குக் கதவிடுக்கைப் பாருங்கள்.

மலிவு ஸ்பாஞ்ச் பேனலை மட்டும் தொடாதீர்கள். 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதிச் சுவரில் ஒட்டியிருந்த ஃபோம் வாணவேடிக்கைப் பொறியில் பற்றி, 100 பேர் இறந்தார்கள். தீப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாத சரக்கை நான் சுவரில் ஏற்றுவதில்லை.

கோவை ஹாலில் கோலம் அப்படியே இருக்கிறது. ரெக்சினை உரித்துவிட்டு, தீத்தடுப்புள்ள தளர்நெசவுத் துணி போட்டோம். கணக்குக்குக் குறைவாக இருந்த சுமார் 50 சதுர அடிப் பேனலைக் கூரையில் தொங்கவிட்டோம். போன வாரம் அவரிடமிருந்து போன். கீழ்வரிசையில் ஒரு பேனலில் காபி கொட்டிவிட்டதாம்.

"அந்த ஒண்ணுக்கு மட்டும் ரெக்சின் போட்டுக்கலாமுங்களா?"

ஒன்றே ஒன்றுதானே, போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.