மலைச்சரிவுதான் பிரேக்

பாப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து அந்த நாட்டின் மலைப்பகுதிக்குச் சாலை கிடையாது. தீவின் நடுவே மலைத்தொடர் 4,000 மீட்டருக்கும் மேலே எழுந்து நிற்கிறது. அதன் மடிப்புகளுக்குள் ஊர்கள். பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு நடந்து போக இரண்டு மூன்று நாள் ஆகும் இடங்களில், சின்ன விமானம் பத்து நிமிடத்தில் போய்விடும். ஆசிரியர், தடுப்பூசி, உப்பு, கூரைத் தகரம் எல்லாம் அதில்தான் உள்ளே வருகின்றன. ஊரில் விளைந்த காப்பிக்கொட்டையும், பிரசவத்தில் சிக்கலான பெண்ணும் அதில்தான் வெளியே போக வேண்டும்.

இந்த விமானங்களில் நிறைய கிறிஸ்தவ மிஷன் அமைப்புகளுடையவை. இரண்டாம் உலகப்போரில் விமானம் ஓட்டியவர்கள் சிலர் 1945ல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்புதான் இன்று மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப், சுருக்கமாக எம்.ஏ.எஃப். அதன் முதல் பயணத்தில் 1946ல் மெக்சிகோவுக்கு விமானத்தை ஓட்டிச் சென்றவர் பெட்டி கிரீன் என்ற பெண். போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக விமானம் ஓட்டிய பெண்கள் படையில் இருந்தவர். 1951ல் நியூ கினிக்கு வந்த ஆஸ்திரேலிய விமானி ஹாரி ஹார்ட்விக், வந்த சில மாதங்களிலேயே மலையில் விழுந்து இறந்தார். பணி நிற்கவில்லை. ஆனால் இந்த மலைகளில் பறப்பதற்கென்று தனியாக ஒரு முறையைக் கற்றாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்துபோனது.

முதலில் ஓடுதளத்தைப் பார்ப்போம். சமதளமே இல்லாத ஊரில் ஓடுதளத்தைச் சரிவில்தான் போட முடியும். கடப்பாரை, மண்வெட்டி, வெறும் கை ஆகியவற்றை வைத்து ஊரே சேர்ந்து, சில இடங்களில் பல ஆண்டுகள் உழைத்து வெட்டியவை இவை. 1933ல் மவுண்ட் ஹேகன் அருகே தங்கம் தேடி வந்த ஆஸ்திரேலியர்களான லேஹி சகோதரர்களின் குழுவுக்காக ஓடுதளம் போட்டபோது, மண்ணை இறுக்க உருளை கிடையாது. உள்ளூர் மக்கள் கைகோத்து வரிசையாக நின்று, தரையை மிதித்து மிதித்தே கெட்டிப்படுத்தினார்கள். அன்றுவரை அவர்கள் விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

சரிவில் போட்டது ஒரு குறைபாடு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

400 மீட்டர் நீளம், பத்து சதவீதச் சரிவு என்று வைத்துக்கொள்வோம். அதாவது நூறு மீட்டர் போனால் பத்து மீட்டர் ஏற்றம். அடியிலிருந்து உச்சிக்கு 40 மீட்டர் உயரம், பதின்மூன்று மாடிக் கட்டடம் அளவு. செஸ்னா 206 போன்ற ஆறு இருக்கை விமானம் கடல் மட்டத்தில் மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று கொள்வோம். நொடிக்கு 31 மீட்டர். அந்த வேகத்தில் எதையாவது நேர் மேலே எறிந்தால், காற்றுத் தடை இல்லாவிட்டால், 49 மீட்டர் உயரம் போய் நிற்கும். விமானத்தின் இயக்க ஆற்றல் அவ்வளவுதான்: தன்னைத்தானே 49 மீட்டர் தூக்கிவிடும் அளவு. ஆக, சரிவின் அடியில் சக்கரம் தொட்டு மேல்நோக்கி ஓடும் விமானத்தின் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை மலையே வாங்கிக்கொள்கிறது. மிச்சத்துக்குப் புல்லும் பிரேக்கும் போதும். இதைவிடச் செங்குத்தான ஓடுதளங்களில் பிரேக்கைத் தொடவே வேண்டாம். பாதியில் நின்றுவிடாமல் உச்சிவரை போய்ச் சேர, இறங்கிய பிறகு எஞ்சினை முடுக்க வேண்டியிருக்கும்.

கிளம்பும்போது இதுவே தலைகீழ். பத்து சதவீதச் சரிவில் புவியீர்ப்பு தன் பங்குக்கு, ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு ஒரு மீட்டர் என்று வேகத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. எஞ்சின் மட்டும் தனியாக இரண்டு மீட்டர் கூட்டுகிறது என்றால், நொடிக்கு 35 மீட்டர் வேகத்தை எட்ட சமதளத்தில் சுமார் 300 மீட்டர் ஓட வேண்டும். சரிவில் இறங்கி ஓடினால் 200 மீட்டர். ஏறி ஓடினால் 600. அதனால்தான் இந்த ஓடுதளங்களில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஏறுமுகமாக இறங்குவார்கள், இறங்குமுகமாகக் கிளம்புவார்கள்.

மேலே 35 மீட்டர் என்று ஏன் எடுத்துக்கொண்டேன்? காரணம் காற்று. 1,800 மீட்டர் உயரத்தில், வெயில் ஏறி 25 டிகிரி வெப்பம் இருக்கும்போது, காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 78 சதவீதம்தான். இறக்கையைத் தூக்கி நிறுத்துவது அதன்மேல் ஓடும் காற்று. காற்று நைந்து போனால் அதே எடையைத் தூக்க இன்னும் வேகமாக ஓட வேண்டும், ஏறக்குறைய 13 சதவீதம் அதிகமாக. 110 கிலோமீட்டர் என்பது 125 ஆகிவிடும், அதாவது நொடிக்குச் சுமார் 35 மீட்டர். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 49 மீட்டர் என்ற கணக்கு 63 மீட்டருக்கு ஏறிவிடுகிறது. இதற்கிடையில், காற்றை உறிஞ்சி எரிக்கும் சாதாரண பிஸ்டன் எஞ்சின் தன் சக்தியில் கால்வாசியை இழந்திருக்கும். புரொப்பெல்லரும் பிடித்துத் தள்ளக் காற்று குறைவு. எல்லா இழப்பும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் சேர்கிறது. மலை விமானிகள் வெயிலை அஞ்சுவது இதற்காகத்தான்.

அதனால் ஓடுதளத்தின் ஓரத்தில் நீங்கள் கட்டாயம் பார்க்கும் பொருள் தராசு. மூட்டைகளை மட்டுமல்ல, பயணிகளையும் நிறுத்துப் பார்ப்பார்கள்: கையில் இருக்கும் குழந்தை, தோளில் தொங்கும் வலைப்பை, அதற்குள் இருக்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாவற்றோடும் சேர்த்து. நேற்று ராத்திரி மழை பெய்து தரை இளகியிருந்தால் அனுமதிக்கும் எடை இன்னும் குறையும். தரை எவ்வளவு இளகியிருக்கிறது என்பதை விமானத்துக்காக ஊரில் பொறுப்பு ஏற்றிருப்பவர் காலையில் ஓடுதளத்தில் நடந்து, குதிகால் எவ்வளவு புதைகிறது என்று பார்த்தே சொல்லிவிடுவார். ரேடியோவில் மேகம் எந்த முகட்டில் நிற்கிறது என்று சொல்பவரும் அவர்தான். பன்றிகளைத் துரத்திவிடும் வேலையும் அவர் தலையில்தான்.

இனி இறங்கும் கட்டம். இந்தப் பறப்பின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

சாதாரண விமான நிலையத்தில் இறங்கும்போது ஏதாவது சரியில்லை என்றால், விமானி எஞ்சினை முழுவதும் முடுக்கி மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி வருவார். மலை ஓடுதளத்தில் எதிரே மலை. நம் கணக்கில் வரும் விமானம் நைந்த காற்றில், முழுச் சுமையோடு, நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நூறு மீட்டரில் தரை பத்து மீட்டர் ஏறுகிறது. எவ்வளவு முடுக்கினாலும் தரைதான் ஜெயிக்கும். அதனால் ஒவ்வொரு ஓடுதளத்துக்கும் அணுகும் பாதையில் ஓர் இடத்தைக் குறித்து வைத்திருப்பார்கள், ஒரு பாறையோ ஆற்றின் வளைவோ ஏதாவது ஒன்று. அதற்கு முன்னால்வரை திரும்பிப் போகலாம். அதைத் தாண்டினால் இறங்கியே ஆக வேண்டும். வேகம், உயரம், காற்று, ஓடுதளத்தில் ஆள் நடமாட்டம் எல்லாம் அந்த இடத்துக்கு வருவதற்குள் சரியாக இருக்க வேண்டும். ஒன்று சரியில்லை என்றாலும், ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சே இல்லாமல் திரும்பிவிட வேண்டும். மலை விமானியின் திறமை என்றால் பலரும் கையின் லாவகத்தை நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த ஓர் இடத்தில் எடுக்கும் முடிவில்தான் பெரும்பகுதி இருக்கிறது.

அதைத் தாண்டிய பிறகு கண்ணே ஏமாற்றும். மேல்நோக்கிச் சரிந்த ஓடுதளம், தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தான் மிக உயரத்தில் வருவதாகத் தோற்றம் காட்டும். அதை நம்பி உயரத்தைக் குறைப்பவர் ஓடுதளத்துக்கு முன்னாலேயே மரத்தில் மோதுவார். கடைசி நொடிகளில் இன்னொரு வேலையும் இருக்கிறது. சுமார் மூன்று டிகிரி கீழ்நோக்கி வரும் விமானத்தை, கிட்டத்தட்ட ஆறு டிகிரி மேல்நோக்கி இருக்கும் தரைக்கு இணையாக நிமிர்த்த வேண்டும். சமதளத்தில் மூன்று டிகிரி திருப்பினால் போதும், இங்கே ஒன்பது. அப்படி நிமிர்த்தக் கையில் கொஞ்சம் கூடுதல் வேகம் வேண்டும். ரொம்பக் கூடினால் ஓடுதளம் போதாது.

பள்ளத்தாக்குக்குள் நுழைந்த பிறகு மேகம் அடைத்துக்கொண்டால்? திரும்ப இடம் வேண்டும். மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்தில், முப்பது டிகிரி சாய்த்துத் திரும்பினால் விமானம் போடும் அரைவட்டத்துக்கு 780 மீட்டர் அகலம் தேவை. வேகத்தை 120க்குக் குறைத்தால் 390 மீட்டர் போதும். அதனால் விமானி பள்ளத்தாக்கின் நடுவே போவதில்லை. ஒரு பக்கச் சரிவை ஒட்டி, வேகத்தைக் குறைத்துக்கொண்டு போவார். அப்போதுதான் திரும்புவதற்கு முழு அகலமும் மிச்சம் இருக்கும்.

இந்த வேலையெல்லாம் விடியற்காலையில் ஏன் நடக்கிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகிறது, அதை ஒட்டிய காற்றும் சூடாகி மேல்நோக்கி நகர்கிறது. காலை நடுப்பகுதிக்குள் பள்ளத்தாக்கு முழுவதும் கீழிருந்து மேலே காற்று வீச ஆரம்பிக்கும். ஏறுமுகமாக இறங்கும் விமானத்துக்கு அது முதுகில் அடிக்கும் காற்று. தரையைத் தொடும் வேகத்தை அது கூட்டிவிடும். மேலே போன ஈரக்காற்று குளிர்ந்து மேகமாகி, மதியத்துக்குள் கணவாய்களை மூடிவிடும். இந்தப் பறப்பு முழுக்கக் கண்ணால் பார்த்துப் பறப்பதுதான். ஓடுதளங்களில் விளக்கும் கிடையாது. மாலை நான்கு மணிக்கு நோய் முற்றினாலும் நோயாளி விடியும்வரை காத்திருந்தே ஆக வேண்டும்.

விமானங்களும் இந்தத் தேவைக்கு ஏற்ப மாறி வந்திருக்கின்றன. 1948ல் தொடங்கிய ஜார்ஸ் என்ற மிஷன் விமான அமைப்பு பயன்படுத்திய ஹீலியோ கூரியரில், இறக்கையின் முன்விளிம்பு முழுவதும் நீண்ட பட்டைகள் இருக்கும். வேகம் குறைந்தவுடன் அவை தானாகவே முன்னால் நகர்ந்து ஓர் இடைவெளியை உண்டாக்கும். அதன் வழியே பாயும் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டு ஓடுவதால், மற்ற விமானங்கள் விழுந்துவிடும் வேகத்திலும் அது மிதக்கும். இன்று அதிகம் பேசப்படுவது கோடியாக். மிஷன் அமைப்புகளின் ஆதரவோடு வடிவமைக்கப்பட்டு 2004ல் முதன்முதலில் பறந்தது. அதன் இறக்கையின் வெளிப்பகுதி முன்விளிம்பு சற்றே தாழ்ந்திருக்கும். இதனால் வேகம் மிகக் குறையும்போது உள்பகுதிதான் முதலில் தூக்குவிசையை இழக்கும். சாய்வைக் கட்டுப்படுத்தும் பகுதிகள் இருக்கும் வெளிப்பகுதி அப்போதும் விமானியின் சொல்பேச்சைக் கேட்கும். எஞ்சின் 750 குதிரைத்திறன் கொண்ட டர்பைன். ஓடுவது மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த ஜெட் எரிபொருளில். பிஸ்டன் எஞ்சினுக்கான விமானப் பெட்ரோல் பல நாடுகளில் கிடைப்பதே அரிதாகிவிட்டதால், இந்த மாற்றம் தவிர்க்க முடியாததாகிவிட்டது.

ஓடுதளமே இல்லாத இடத்துக்கு ஒரு தந்திரம் இருந்தது. இயற்பியலாக எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தென் அமெரிக்காவில், ஈக்வடாரின் காட்டில் 1948 முதல் பறந்த எம்.ஏ.எஃப். விமானி நேட் செயின்ட், நூற்றுக்கணக்கான மீட்டர் நீளக் கயிற்றின் நுனியில் ஒரு வாளியைக் கட்டித் தொங்கவிட்டு, வட்டமாகச் சுற்றினார். கயிற்றின் ஒவ்வொரு துண்டையும் காற்று பின்னுக்கு இழுப்பதால், அது தனக்கு மேலே உள்ள துண்டைவிடச் சற்றுப் பின்தங்குகிறது. வட்டப்பாதையில் இப்படிப் பின்தங்கப் பின்தங்க, கயிறு சுருளாக உள்நோக்கி வளைகிறது. போதுமான நீளம் இருந்தால் நுனி வட்டத்தின் மையத்துக்கே வந்து, கிட்டத்தட்ட அசையாமல் தொங்கும். மேலே விமானம் ஓடிக்கொண்டே இருக்கும். கீழே நிற்பவர் வாளியிலிருந்து மருந்தை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஏதாவது போட்டு அனுப்பலாம்.

இதே வாளியில்தான் 1955ல் அந்தக் காட்டின் பழங்குடியினரான வௌரானி மக்களுக்குப் பரிசுப்பொருள்கள் போயின. வெளியாட்களை ஏற்காத மக்கள் அவர்கள். 1956 ஜனவரி 8 அன்று குராராய் ஆற்று மணல்திட்டில் இறங்கியிருந்த நேட் செயின்டும் மற்ற நான்கு மிஷனரிகளும் வௌரானிகளின் ஈட்டிகளுக்குப் பலியானார்கள். பின்னர் அந்த மக்களில் பலர் மிஷன் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தபோது, 1969ல் அங்கே இளம்பிள்ளைவாதம் பரவி உயிர்கள் போயின. விமானம் தடுப்பூசியைக் கொண்டுபோகும், கிருமியையும் கொண்டுபோகும். மதத்தைப் பரப்பப் போனவர்கள் இவர்கள் என்பதை மறைத்து இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. நாட்டின் மருத்துவ சேவை எட்டாத இடத்துக்கு முதலில் எட்டியவர்கள் அவர்கள்தான் என்பதையும் மறைக்கக்கூடாது.

பாப்புவா நியூ கினியில் இன்றைய பிரச்சினை பெரும்பாலும் புல். நல்ல மழையும் வெயிலும் உள்ள அந்த நாட்டில், சில மாதம் வெட்டாமல் விட்டால் ஓடுதளம் புதராகிவிடும். மழைநீர் அறுத்த பள்ளம் புல்லுக்குள் மறைந்துவிடும். விமானி மறுத்துவிடுவார், மறுப்பதுதான் சரி. விமானம் நின்றால் முதலில் மருந்து தீரும், அப்புறம் செவிலியர் கிளம்புவார், பிறகு பள்ளிக்கூடம் மூடும். கைவிடப்பட்ட ஓடுதளங்களை மீட்கவென்றே கிராமப்புற ஓடுதள முகமை என்ற அமைப்பு அங்கே இயங்குகிறது. வடிகால் வெட்டுவது, குழி அடைப்பது, ஓரக் குறிகளை நட்டுக் கொடுப்பது அதன் வேலை. ஊர்க்காரர்களோடு ஒப்பந்தம் போட்டுப் புல் வெட்டும் இயந்திரம் தருவதும், அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் கற்றுத்தருவதும் அதில் சேர்ந்தவை.