"அதைப் பத்திப் பேசாதீங்க டாக்டரம்மா"

போன வாரமும் ஒரு அப்பா வந்தார். மகனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தான் மட்டும் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதைப் பத்தி மட்டும் அவன்கிட்டப் பேசாதீங்க டாக்டரம்மா. வீட்டுல நாங்க யாரும் பேசுறதில்ல. தூக்கத்துக்கு மட்டும் எதாச்சும் குடுங்க. மறந்துருவான்."

'அது' நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மறந்துவிடுவான் என்றால் இந்நேரம் மறந்திருக்க வேண்டாமா?

இராமநாதபுரம் கடற்கரையில் மனநல மருத்துவம் பார்க்கிற எனக்கு இப்படி வருகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என எல்லாப் பக்கமிருந்தும் வருகிறார்கள். பைக் ஓட்டியவன் பிழைத்து, பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் போய்விட்டான். வல்லம் கவிழ்ந்து அண்ணன் கரையேறினான், தம்பி ஏறவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன நேரத்தில் அக்கா ஒரு நிமிடம் திரும்பிவிட்டாள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் ஒரு சாவு, அதன் பக்கத்தில் உயிரோடு ஒரு பிள்ளை. ஊரே செத்தவனுக்காக அழுகிறது. இருக்கிறவனைப் பார்க்க ஆளில்லை.

(இங்கே நான் சொல்லும் விவரங்கள் யாரையும் அடையாளம் காட்டாதபடி பலருடைய கதைகளைக் கலந்தவை. உங்கள் ஊர்ப் பையன் என்று தேட வேண்டாம்.)

பேசினால் கிளறிவிடும், பேசாவிட்டால் ஆறிவிடும் என்று படித்தவர், படிக்காதவர், ஆசிரியர், சில சமயம் டாக்டர்கள்கூடச் சொல்கிறார்கள். கொஞ்சம் யோசியுங்கள். நீங்கள் பேசாமல் இருப்பதால் அவன் நினைக்காமல் இருக்கிறானா? ராத்திரி இரண்டு மணிக்கு முழித்துக்கொண்டு அவன் என்ன பார்க்கிறான் என்று உங்களுக்குத் தெரியுமா? தினமும் அவன் அதை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கிறான். பத்து நிமிடம் முன்னால் கிளம்பியிருந்தால், இடது பக்கம் திருப்பியிருந்தால், அன்றைக்குப் போகவே இல்லையென்றால்... நீங்கள் மௌனமாக இருப்பதை அவன் எப்படிப் படிக்கிறான் தெரியுமா? 'எல்லாருக்கும் தெரியும், நான்தான் கொன்னேன்னு. சொல்ல மனசில்லாம இருக்காங்க.' நீங்கள் இரக்கப்பட்டு வாயை மூடியிருக்கிறீர்கள். அவனுக்கு அது தீர்ப்பாகக் கேட்கிறது.

அதற்காக, காரியம் முடிந்த மறுநாளே உட்கார வைத்து "எல்லாத்தையும் கொட்டிடு" என்று பிடுங்குவதும் கூடாது. அதையும் ஆர்வக்கோளாறில் செய்கிறார்கள். முதல் நாட்களில் சாப்பாடு, தூக்கம், பக்கத்தில் ஓர் ஆள், இவ்வளவு போதும். அவனாகப் பேச வரும்போது பேச்சை மாற்றாமல் இருந்தால் போதும்.

இன்னொரு ஆறுதல், "உன் மேல ஒரு தப்பும் இல்லப்பா." சொல்லிப் பாருங்கள், தலையை ஆட்டுவான். அத்தோடு உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடுவான். தன் தப்பு என்னவென்று அவனுக்குத் தெரியும், அதைக் கேட்க இவருக்குத் தெம்பில்லை என்று முடிவுகட்டிவிடுவான்.

பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன். வாடை தொடங்கின நேரத்தில், பெரியப்பா மகனை வத்தைப் படகில் ஏற்றிக்கொண்டு வலை பார்க்க வடகடலுக்குப் போனான். சின்னவனுக்குப் பதினாலு வயது, பள்ளிக்கூடம் லீவு. வத்தை கவிழ்ந்தது. என்னிடம் வருவதற்கு முன் வயிற்று வலிக்காக ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்து முடித்திருந்தார்கள். (துக்கம் வயிற்று வலியாக வரும். இதை நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா?) பாயில் படுப்பதில்லை, சிமெண்டுத் தரையில்தான் படுக்கிறான். நண்டு வாயில் வைப்பதில்லை, சின்னவனுக்கு அது பிடிக்கும் என்பதால். இதையெல்லாம் வீட்டில் யாரும் கவனித்திருக்கவில்லை.

எங்கள் தொழிலில் 'பொறுப்பைப் பிரித்துப் பார்ப்பது' என்று ஒரு முறை உண்டு. பாடப்புத்தகத்தில் வட்டம் போட்டுத் துண்டு துண்டாக வெட்டச் சொல்லும். இந்தக் கரையில் வட்டம் எதற்கு? கடலுக்குப் போய் வந்தால் பாட்டை, அதாவது கிடைத்த வருமானத்தை, பங்கு பிரிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, "பங்கு பிரிடா" என்றேன்.

"முழுப் பாடும் எனக்குத்தான் டாக்டரம்மா" என்றான்.

"டீசல் காசைக் கழிக்காம எவனாச்சும் பங்கு பிரிப்பானா?"

முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். டீசல் என்றால் இங்கே காற்றும் கடலும். யார் தலையிலும் கட்ட முடியாதது, முதலில் கழிக்க வேண்டியது. பிறகு சம்மாட்டி, அதாவது வத்தைக்குச் சொந்தக்காரர். பலகை இடுக்கில் தண்ணீர் கசிவது தெரிந்தும் அடைக்கவில்லை. லைஃப் ஜாக்கெட் இருந்தது, வீட்டில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். "இவனையும் கூட்டிட்டுப் போ, தொழில் கத்துக்கட்டும்" என்று அனுப்பிய பெரியப்பாவுக்கு ஒரு பங்கு. அதை எழுத அவனுக்கு வெகு நேரம் ஆனது. சொல்லச் சொல்லக் கேட்காமல் விளிம்பில் ஏறி நின்ற சின்னவனுக்குப் பங்கு எழுத மாட்டேன் என்றுவிட்டான். நானும் வற்புறுத்தவில்லை. கடைசியில் அவன் பங்கு என்று ஒன்று மிஞ்சியது. வானம் கறுத்திருந்ததைப் பார்த்தான். பார்த்தும் போனான்.

அந்தப் பங்கை நான் அழிக்கவில்லை. அது அவனுடையது. முழுப் பாட்டையும் தூக்கிச் சுமந்தவனுக்கு அந்த ஒரு பங்கைச் சுமக்கத் தெம்பு இருந்தது. ஒரே நாளில் வரவில்லை, பல முறை வந்து போன பிறகு வந்தது.

தன் பங்குக்கு என்ன செய்யலாம் என்று அவனே கேட்டான். சின்னவனின் தங்கையைப் படிக்க வைக்க வேண்டுமாம். எதுவரைக்கும் என்றேன். "சாகுற வரைக்கும்." கூடாது என்றேன். பேசிப் பேசி, அவள் பிளஸ் டூ முடிக்கிறவரை என்று வைத்துக்கொண்டோம்.

முடிவுத் தேதி ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு: இந்தக் கரையில் இருக்கிற மூன்று மதத்துக்கும் அது தெரியும், நமக்குத்தான் மறந்துவிட்டது. தவறுதலாக ஓர் உயிர் போனால் இஸ்லாமியச் சட்டம் அதைக் கொலையோடு சேர்ப்பதில்லை. குடும்பத்துக்கு நட்ட ஈடு உண்டு, அந்தக் குடும்பம் அதை மன்னித்து விட்டுக்கொடுக்கலாம். பரிகாரமாகத் தொடர்ந்து இரண்டு மாத நோன்பு. இரண்டு மாதம், அதற்கு மேல் இல்லை. பைபிளில் கைப்பிழையாகக் கொன்றவன் ஓடி ஒளிய ஆறு அடைக்கல நகரங்கள் இருந்தன. அங்கே அவனை யாரும் தொடக்கூடாது. தலைமைக் குரு இறந்ததும் அவன் சொந்த ஊருக்குத் திரும்பலாம். இராமேஸ்வரத்தைக் கேட்கவே வேண்டாம். இராவணனைக் கொன்றது கைப்பிழை இல்லைதான். ஆனாலும் அந்தப் பாவம் தீர இராமர் இங்கே லிங்கம் வைத்துப் பூசித்தார் என்பது தலபுராணம். பூசித்துவிட்டு அயோத்திக்குப் போனார், முடிசூட்டிக்கொண்டார். கடற்கரையிலேயே உட்கார்ந்துவிடவில்லை.

நமக்கு மட்டும் மனுநீதிச் சோழன்தான் நினைவிருக்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலை வைத்திருக்கிறோம், பள்ளிக்கூட ஆண்டு விழா தவறாமல் நாடகம் போடுகிறோம். தேர்க்காலில் கன்று வந்து விழுந்தது அந்த இளவரசனுக்குத் தெரியாது. பசு மணியடித்தது, ராஜா நீதி வழங்கினார், கைதட்டல். கன்று செத்ததற்கும் தேர் தன் மேல் ஏறியதற்கும் இடையில் அந்தப் பிள்ளையின் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று ஒரு நாடகத்திலாவது யாராவது கேட்டிருக்கிறார்களா?

இது கதை எழுதுகிறவர்களிடமும் எனக்கு உள்ள குறை. இளைஞர்களுக்கென்று எழுதுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் தவறுதலாக ஒரு சாவுக்குக் காரணமான பாத்திரத்தைக் கடைசியில் இன்னொருவரைக் காப்பாற்றிவிட்டுச் சாகவிடுகிறீர்கள். வாசகர் அழுவார், கணக்கு நேராகிவிடும். என் அறையில் உட்கார்ந்து பிள்ளைகள் அதையே சொல்கிறார்கள்: "ஒரு உசுரக் காப்பாத்திட்டா சரியாயிரும்ல?" கடல் கொந்தளிக்கும்போது நீந்திப் போகிறவன், பைக்கைக் கண்மண் தெரியாமல் முறுக்குகிறவன், சிலர் மனசுக்குள் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. இல்லையென்றால் செத்தவனின் அம்மா கடைசி அத்தியாயத்தில் கட்டிப்பிடித்து மன்னித்துவிடுவார். நிஜத்தில் பல அம்மாக்களால் அது முடியாது. முடியாதது அவர்கள் தப்பும் இல்லை. அந்த மன்னிப்பு வராமலே ஒரு பிள்ளை எழுந்து பள்ளிக்கூடம் போவதை எழுதுங்கள்.

கதையால் ஆகக்கூடியதையும் பார்த்திருக்கிறேன். பத்தாவது படிக்கிற பெண். அண்ணன் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கித் தொட்டியில் நிரப்பி வைக்கிற ஊர். தொட்டி திறந்திருந்தது. "போன் பாத்துக்கிட்டிருந்தா" என்று ஊர் முழுக்கப் பேச்சு. என்னிடம் வாயே திறக்கவில்லை. நோட்டைக் கொடுத்து, "உன்னைப் பத்தி வேணாம், வேற ஊர்ல வேற பேர்ல ஒரு பொண்ணு, அவளுக்கு இப்படி ஆயிருச்சு, எழுது" என்றேன். வந்த கதையில் அந்தப் பெண்ணுக்கு அவள் எல்லாத் தண்டனையும் கொடுத்திருந்தாள். தலை வாரக் கூடாது, திருவிழாவுக்குப் போகக் கூடாது, அண்ணி முகத்தில் முழிக்கக் கூடாது. ஆனால் கதையில் ஒரு ராத்தா, அதாவது அக்கா, வருகிறாள். "பரீட்சைக்கு மட்டும் போயிட்டு வா" என்று அந்தப் பெண்ணுக்கு ஜடை பின்னிவிடுகிறாள். அந்த ராத்தாவை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தனக்குத் தர மனசு வராததை இன்னொருத்திக்குத் தர வந்திருக்கிறது. சிகிச்சையை அந்த ஜடையிலிருந்து ஆரம்பித்தோம்.

சரி, வீட்டில் இருப்பவர்களுக்கு.

"நீ மட்டும் அன்னைக்கு..." என்று தொடங்கும் வாக்கியம் எதுவும் அந்தப் பிள்ளையின் காதில் விழக் கூடாது. கோபம் இருக்கும், இருக்கத்தான் செய்யும். அதை என்னிடம் வந்து சொல்லுங்கள், பங்குத் தந்தையிடம் சொல்லுங்கள், பள்ளிவாசல் பெரியவரிடம் சொல்லுங்கள்.

"சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று பயப்படுகிறீர்கள். அப்படி ஆவதில்லை, கேட்பது பல நேரம் பிள்ளைக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே அழைத்து வாருங்கள். ராத்திரியாக இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 104-ம் இருக்கிறது.

மெடிக்கலில் சொல்லித் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதை நிறுத்துங்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன். துக்கத்துக்கு அது மருந்தே இல்லை. பழகிவிட்டால் அதிலிருந்து மீட்பது தனிப் பாடு. "ஆம்பளப் புள்ள, கொஞ்சம் குடிச்சா தூங்குவான்" என்கிற சித்தப்பாக்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

கேஸ் வரும் என்ற பயத்தில் வாயைக் கட்டிப்போடுகிற வீடுகள் உண்டு. பயம் நியாயம்தான். கவனக்குறைவால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை தண்டனைக்கு இடமிருக்கிறது. வக்கீலைப் பாருங்கள். ஆனால் வக்கீல் "யார்கிட்டயும் பேசாதே" என்று சொன்னது எங்களைச் சேர்த்து இல்லை. சிகிச்சையில் சொல்வதை ரகசியமாகக் காக்க 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்துகிறது. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்பது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அது இந்த அறையோடு நிற்கும்.

ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போவதைத் தடுக்க மாட்டேன். துவாவில் ஆறுதல் அடைந்தவர்கள் எத்தனையோ பேர். மருந்தையும் துவாவையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம். சங்கிலி மட்டும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் கட்டிப்போட்ட நிலையில் 28 பேர் தீயில் கருகியதற்குப் பிறகும் எனக்கு இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு மாதம் தாண்டியும் தூக்கத்தில் அலறினால், அந்த இடத்தையே தவிர்த்தால், படிப்போ தொழிலோ நின்றுபோனால் காத்திருக்காதீர்கள். "வருசத் திதி முடியட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள். வருசத் திதி, நினைவுப் பூசை, பாத்திஹா எதுவானாலும் அதற்கு முந்தைய வாரம்தான் மோசமான வாரம். அந்த வாரம் முன்கூட்டியே ஒரு முறை வந்துவிட்டுப் போங்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போகாதீர்கள், வரச்சொல்லி இழுக்கவும் செய்யாதீர்கள். "வர்றியா?" என்று கேளுங்கள். வரவில்லை என்றால் வீட்டில் ஒருவர் கூட இருங்கள்.

அழைத்து வருகிற அப்பாக்களே, உள்ளே வர வேண்டியவன் உங்கள் மகன். பெஞ்சில் நீங்கள் உட்காருங்கள்.