பொருள்கோடல் என்றால் விளக்கம் அல்ல

உயர்தரத்தில் அளவையியல் (லொஜிக்) படிக்கும் மருமகளுக்கு, ரியூசன் வாத்தியார் பாடத்திட்டத்தையும் தாண்டி ஒரு கேள்வி கொடுத்திருந்தார்: "இக்கூற்றைப் பொய்யாக்கும் விளக்கம் ஒன்று தருக." பிள்ளை அரைப்பக்கம் விளக்கி எழுதிப் பூச்சியம் வாங்கி வந்தாள். "விளக்கத்தானே மாமா சொன்னவர்?" பிழை அவளுடையதல்ல, 'இன்ரர்பிரிற்றேசன்' என்பதற்கு 'விளக்கம்' என்று போட்டவருடையது.

லத்தீனில் 'இன்ரர்பிரெஸ்' என்றால் இரு தரப்புக்கும் நடுவே நின்று பேசுபவர். நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் அந்த வழி வந்தவர்தான். அளவையியலில் இந்தச் சொல்லுக்கு வேறு வேலை.

கேள்வியில் இருந்த கூற்று இது: "ஒவ்வொன்றுக்கும் அதனோடு 'ப' உறவுடைய ஏதோவொன்று உண்டு." 'ஒவ்வொன்றும்', 'ஏதோவொன்று' என்று பொருள்களைப் பற்றிப் பேசும் முதல்வரிசை அளவையியலில் இது இப்படியே மெய்யுமில்லை, பொய்யுமில்லை. எவற்றைப் பற்றிப் பேச்சு, 'ப' என்ன உறவு என்று நாம்தான் கொடுக்க வேண்டும். முதலில் ஒரு தொடை, அதாவது பேச எடுத்த பொருள்களின் தொகுதி. அதில் ஒரு மூலகமாவது, அதாவது ஒரு உறுப்பாவது, இருக்க வேண்டும். பிறகு பெயர்க்குறிகளுக்கு அதிலுள்ள மூலகங்கள், 'ப' போன்ற பயனிலைக் குறிகளுக்கு அவற்றிடையே உள்ள உறவுகள். இப்படிக் கொடுப்பதுதான் அளவையியலின் இன்ரர்பிரிற்றேசன். மெய் என்பதை இவ்வாறு வரையறுக்கும் முறைக்கு 1933இல் போலிஷ் மொழியில் வந்த, அளவையியலாளர் அல்பிரட் தார்ஸ்கியின் ஆய்வு அடிப்படை.

1, 2, 3 என்று முடிவின்றிப் போகும் எண்களை எடுத்து, 'ப' என்பதை 'அதைவிடப் பெரியது' என்று கொண்டால் கூற்று மெய். கொழும்புக் கரையோர ரயில் பாதையில் வடக்கிலிருந்து தெற்காக வரும் கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை என்ற 5 ஸ்ரேசன்களை எடுத்து 'அதற்குத் தெற்கே உள்ளது' என்று கொண்டால், தெகிவளையில் வந்து பொய்த்துவிடும். "அதுக்கும் தெற்கே கல்கிசை இருக்கே மாமா" என்று மடக்கினாள். இருக்கிறது, நாம் எடுத்த தொடையில் இல்லை.

இதில் எதை விளக்கினோம்? ஏற்கெனவே உள்ளே கிடக்கும் பொருளை விளங்க வைப்பதுதான் விளக்கம். இங்கே உள்ளே ஒன்றுமே இல்லை, நாம்தான் வைக்கிறோம். ஒரு பாட்டுக்கு முரணான இரண்டு விளக்கம் வந்தால் எது சரியென்று சண்டை வரும். எண்ணும் ஸ்ரேசனும் சண்டை பிடிப்பதில்லை, இரண்டும் சரி. 'வியாக்கியானம்' என்பார்க்கும் இதே பதில்தான், வடமொழி வாசனை வேறு. எக்ஸ்பிளனேசன், டெஃபினிசன், டிஸ்கிரிப்சன், கிளாரிஃபிகேசன் என்று எது வந்தாலும் 'விளக்கம்' என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும் மொழிபெயர்ப்பாளரை என்ன செய்வது?

நல்ல சொல் நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது: பொருள்கோடல். கொள் என்பதிலிருந்து கோடல், கொள்ளுதல். இலங்கைச் சட்டங்களின் கடைசியில் அத்தலைப்பில் வரும் பிரிவைப் பாருங்கள். இச்சட்டத்தில் இன்ன சொல் இன்னதைக் குறிக்கும் என்று பொருளை ஒட்டிவிடுகிறது. நமக்கு வேண்டியதும் அதுவே.

நன்னூலின் பொருள்கோள் 8 வகையோடு குழம்பாதா என்று ஒரு நண்பர் கேட்டார். வேர் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். அது செய்யுளில் சொற்களைக் கூட்டிப் பொருள்கொள்ளும் முறை. அளவையியல் வகுப்பில் யாரும் அந்த எட்டில் ஒன்றான விற்பூட்டைத் தேடப் போவதில்லை.

வாத்தியாருக்கும் சொல்லியனுப்பினேன். அடுத்த கையேட்டில் 'பொருள்விளக்கம்' என்று வந்திருக்கிறது.