லூபஸ்: பத்துப் புள்ளியைக் கூட்டும் முன்

லூபஸ் என்பது நோயெதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய். ஒருவர் வருகிறார். சொந்தச் செல்களின் கருவைத் தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஏ.என்.ஏ. சோதனை 1:80 பாசிட்டிவ், அதாவது ரத்தநீரை 80 மடங்கு நீர்த்தும் தெரிகிறது. நுரையீரல் உறையில் நீர் கோத்திருக்கிறது, 5 புள்ளி. 38.5 டிகிரி காய்ச்சல், 2 புள்ளி. வெள்ளை அணுக்கள் 3,600, அதற்கு 3. கூட்டினால் சரியாக 10. ஐரோப்பிய, அமெரிக்க வாதநோயியல் அமைப்புகள் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட அளவுகோலில் தேவைப்படுவதும் அதே 10தான். ஆனால் இந்த நான்கும் காசநோயிலும் வரும். கோத்த நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்காமல், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டைத் தொடங்கிவிட்டால், உள்ளே இருக்கும் கிருமிக்கு நாமே வழிவிட்டதாகிவிடும்.

அளவுகோலிலேயே இதற்குக் காப்பு உண்டு. லூபஸைவிடப் பொருத்தமான வேறு காரணம் இருந்தால் அந்தப் புள்ளியைச் சேர்க்கவே கூடாது. மறந்துவிடக் கூடாத விதி இது. காசநோய், எச்.ஐ.வி., தொழுநோய், பார்வோ வைரஸ் போன்ற தொற்றுகள் பரவலாக இருக்கும் இடங்களில், ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே "வேறு காரணம் பார்த்தாயிற்றா?" என்று கேட்டு விடையையும் எழுதிவைக்க வேண்டும்.

கணக்கு நடக்கும் விதம் இது. முதலில் ஹெப்-2 (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல் வகை) செல்களில் செய்த ஏ.என்.ஏ. சோதனை 1:80 அல்லது அதற்கு மேல் ஒருமுறையாவது வந்திருக்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டும் செல்லும். இது உள்ளே நுழைவதற்கான வாசல் மட்டுமே, இதற்குப் புள்ளி கிடையாது. ஆரோக்கியமானவர்களிலேயே சுமார் 13 சதவீதம் பேருக்கு 1:80-இல் பாசிட்டிவ் வருகிறது. அதன் பிறகு ஏழு மருத்துவப் பிரிவுகள், மூன்று நோயெதிர்ப்பு ரத்தச் சோதனைப் பிரிவுகள். ஒரு பிரிவில் எத்தனை அறிகுறி இருந்தாலும் அதிகப் புள்ளி உள்ள ஒன்றை மட்டுமே எடுக்க வேண்டும். அறிகுறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதில்லை. மொத்தம் 10 வர வேண்டும், அதில் குறைந்தது ஒன்றாவது மருத்துவ அறிகுறியாக இருக்க வேண்டும்.

1,270 பேரிடம் சரிபார்த்தபோது இந்த அளவுகோலின் உணர்திறன் (லூபஸ் உள்ளவரைச் சரியாகப் பிடிப்பது) 96.1, தனித்தன்மை (லூபஸ் இல்லாதவரைச் சரியாக விலக்குவது) 93.4 சதவீதம். 1997 அளவுகோலுக்கு இவை 82.8, 93.4. 2012-இல் வந்ததற்கு 96.7, 83.7. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்த 1,270 பேரை இனம், பால் என்று பிரித்தால் ஒவ்வொரு கூடையிலும் ஆட்கள் குறைந்துவிடுவார்கள். அதைவிட முக்கியம், புள்ளியைப் போடுவது பரிசோதிப்பவரின் கண்ணும் கையும். அங்கே தவறினால் அளவுகோல் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

அதிகம் தவறுவது தோலில். பாடப்புத்தகப் படங்களில் கன்னத்துத் தடிப்பு செக்கச்செவேலென்று இருக்கும். கருத்த தோலில் அது ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும். சில நேரம் நிறமே மாறாமல் லேசான தடிப்பு மட்டும் இருக்கும். அதை மங்கு என்று நினைத்து விட்டுவிட்டால் 6 புள்ளி போயிற்று. ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்க்காமல் ஜன்னலோரம் உட்கார வைத்துப் பாருங்கள். வெயில் படாத உட்கைத் தோலோடு ஒப்பிடுங்கள். கன்னத்திலிருந்து மூக்கோரம் வரை விரலை மெதுவாக நகர்த்துங்கள். லூபஸ் தடிப்பு பெரும்பாலும் மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பை விட்டுவிடும். மங்கு விரலுக்குத் தட்டுப்படாது. மடிப்பும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்தால் டெர்மடோமயோசைடிஸையும் (தோலையும் தசையையும் தாக்கும் நோய்) பொடுகு வகைத் தோலழற்சியையும் யோசியுங்கள்.

பிறகு காது மடலின் உட்குழிவு, உச்சந்தலை. நடுவில் வெளுத்து, ஓரம் கருத்து, மயிர்க்கால்கள் அடைத்துத் தழும்பாகிக் கிடக்கும் வட்டங்கள் டிஸ்காய்ட் லூபஸ், 4 புள்ளி. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் இது அதிகம். சந்தேகம் இருந்தால் பயாப்ஸி (சிறு திசுத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது). டார்ச் அடித்து மேலண்ணத்தையும் பாருங்கள். அங்கே வரும் லூபஸ் புண் பெரும்பாலும் வலிக்காது, அதனால் நோயாளி தானாகச் சொல்லமாட்டார். அதற்கு 2 புள்ளி. மூட்டுக்கு 6, ரத்தத்தில் குறைந்த சி3-க்கு (காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதம்) 3 என்று 9-இல் நிற்பவரை அந்த 2 புள்ளி 11-க்குக் கொண்டுபோகும். வந்து மறையும் தடிப்பை செல்போனில் படம் எடுத்துவரச் சொல்லுங்கள். மருத்துவர் பார்த்த படத்தையும் அளவுகோல் ஏற்கிறது.

வெள்ளை அணுக்களில் நேர்எதிரான தவறு நடக்கும். 4,000-க்குக் கீழே போனால் 3 புள்ளி என்பது விதி. ஆனால் ஆப்பிரிக்க, அரபு வம்சாவளியினர் பலருக்குச் சிவப்பணுக்களில் டஃபி ஆன்டிஜன் என்ற புரதம் இருக்காது. அவர்களின் நியூட்ரோஃபில் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) எண்ணிக்கை பிறவியிலிருந்தே குறைவு. அது நோயல்ல. ஐந்து, பத்து வருடத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அப்போதும் இதே அளவு, இன்னொரு வகையான லிம்போசைட்டும் சரியாக இருக்கிறது என்றால் அந்த 3 புள்ளியை எடுத்துவிடுங்கள். லூபஸில் பெரும்பாலும் லிம்போசைட் இறங்கும்.

மூட்டுக்கு வலி மட்டும் போதாது. இரண்டு மூட்டிலாவது வீக்கம் வேண்டும். இல்லையென்றால் இரண்டு மூட்டிலாவது அழுத்தினால் வலியும், காலையில் 30 நிமிடமாவது விறைப்பும் வேண்டும். "எவ்வளவு நேரம்?" என்று கேட்காமல் விட்டால் இந்த 6 புள்ளி இரண்டு பக்கமும் சாயும்.

ஐம்பது வயதைத் தாண்டித் தொடங்கும் லூபஸில் முகத் தடிப்பும் சிறுநீரகப் பாதிப்பும் குறைவு. கண், வாய் வறட்சியும் உறைகளில் நீர் கோப்பதும் அதிகம். அந்த வயதில் குறைந்த டைட்டர் (சிறிது நீர்த்தாலே மறையும் அளவு) ஏ.என்.ஏ.யும் சாதாரணம். மருந்துப் பட்டியலையும் கட்டாயம் பாருங்கள். ஹைட்ராலசின், புரோகைனமைடு, ஐசோனியாசிட், மினோசைக்ளின், டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் லூபஸ் போன்ற நிலையை உண்டாக்கும். ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிறுநீரகம் அதிகம் பாதிக்கப்படுகிறது. லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள் என்பதால், கால் வீங்கி வரும் ஆணுக்கு அந்தப் பெயர் யாருக்கும் தோன்றுவதே இல்லை. இது வேதனையான தாமதம்.

டி.எஸ்.டி.என்.ஏ. எதிர்ப்பொருளுக்கு (இரட்டை இழை டி.என்.ஏ.வைத் தாக்குவது) 6 புள்ளி கொடுப்பதற்கு முன் எந்த முறையில் செய்த சோதனை என்று லேபைக் கேளுங்கள். எலைசா என்ற சோதனை முறையில் எல்லையை லேசாகத் தாண்டிய எண்ணை நம்பி முடிவெடுக்காமல் கிரித்திடியா என்ற நுண்ணுயிரை வைத்துச் செய்யும் முறையில் ஒருமுறை உறுதிசெய்வது நல்லது. ஏ.என்.ஏ. எலைசாவில் நெகட்டிவ் வந்தும் சந்தேகம் வலுவாக இருந்தால் ஹெப்-2 முறையில் திரும்பச் செய்யுங்கள்.

இவ்வளவு கவனித்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது: இந்த அளவுகோல் ஆராய்ச்சிக்கு ஒரே மாதிரியான நோயாளிகளைச் சேர்க்க உருவானது. சிகிச்சைக்கு அனுமதிச் சீட்டாக அதை யாரும் எழுதவில்லை. ஒருவருக்குச் சிறுநீரில் புரதம் போகிறது. பயாப்ஸியில் ஐந்தாம் வகை லூபஸ் நெஃப்ரைடிஸ் (லூபஸால் வரும் சிறுநீரக அழற்சி). ஏ.என்.ஏ. பாசிட்டிவ், மற்றபடி சி3, சி4, டி.எஸ்.டி.என்.ஏ. எல்லாம் இயல்பு. ஐந்தாம் வகையில் இப்படி வருவது உண்டு. 2019 கணக்கில் அவருக்கு 8 புள்ளிதான். 2012 அளவுகோலிலோ அந்த பயாப்ஸியும் ஏ.என்.ஏ.யும் மட்டுமே போதும். ஹெபடைடிஸ் பி போன்ற பிற காரணங்களை விலக்கியபின், இவரை "10 வரட்டும்" என்று காத்திருக்க வைப்பது தவறு. சிகிச்சையைத் தொடங்கி, ஏடில் "வகைப்பாட்டுப் புள்ளி 8, மருத்துவ முடிவு லூபஸ்" என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். சிறுநீரகம் இன்னும் பாதிக்கப்படாமல் 7, 8-இல் நிற்பவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலைச் சிறுநீரில் புரத-கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். 0.5-ஐத் தாண்டினால், சிறுநீர்த் தொற்றோ மாதவிடாயோ இல்லாத நாளில் மறுபடி எடுத்து உறுதிசெய்து, பயாப்ஸிக்கு அனுப்புங்கள்.