என்.எஸ்.எஸ். மணிக்கணக்கு: கல்லூரிக்குள் எவ்வளவு, ஊருக்குள் எவ்வளவு?

"என்.எஸ்.எஸ்.ல சேர்ந்தா காலேஜைக் கூட்டத்தான் விடுவாங்க" என்று கோவை, ஈரோடு பக்கம் சீனியர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. ஆனால் கூட்டுவதற்கும் ஓர் அளவு உண்டு.

என்.எஸ்.எஸ். எனும் நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. மத்திய இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் நடக்கிறது. சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் முடிக்க வேண்டும். இதில் ஆண்டுக்கு 20 மணி நேரம் அறிமுகப் பயிற்சி. வளாக வேலை 30 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. மிச்சம் 70 மணி நேரமும் மக்களோடு. கையேடு சொல்லும் கணக்கு இது. செடிக்குத் தண்ணீர் ஊற்றியே ஆண்டு முழுதும் போகிறது என்றால் கல்லூரியில் என்.எஸ்.எஸ்.ஸைக் கவனிக்கும் ஆசிரியரான திட்ட அலுவலரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

இது தவிர, தத்தெடுத்த கிராமத்திலேயே தங்கி 7 நாள் சிறப்பு முகாம். 240 மணி நேரமும் ஒரு முகாமும் முடித்தால்தான் சான்றிதழ்.

முகாம் என்றதும் சீமைக்கருவேலத்தை வெட்டுவது, பேரணி, போட்டோ என்று போய்விடுகிறது. என்னைக் கேட்டால் வீடு வீடாகப் போய் எடுக்கும் கணக்கெடுப்பில்தான் படிப்பு இருக்கிறது. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறி ஊரை எடுத்துக்கொள்வோம். படிவத்தில் 'மாத வருமானம்' என்று ஒரு கட்டம் இருக்கும். தறிக்குடோனில் நிற்பவரிடம் அதைக் கேட்டால் சட்டென்று பதில் வராது. முதலில் அந்தத் தறிச் சத்தத்தில் கேள்வியே அவர் காதில் விழாது. வெளியே வந்து சொல்வார்: கூலி மீட்டர் கணக்கில், பாவு (தறியில் ஏற்றும் நீளவாக்கு நூல்) இல்லாத வாரம் தறி நிற்கும், அப்புறம் மாசத்துக்கு எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? கட்டத்தை நிரப்பாமல் அவர் சொன்னதை அப்படியே ஓரத்தில் எழுதி வருகிற மாணவர்தான் ஏதோ கற்றிருக்கிறார். படிவத்தை வகுப்பறையில் உட்கார்ந்து தயாரிக்காமல், ஒருமுறை ஊருக்குப் போய்வந்து தயாரிப்பது நல்லது.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மாணவர்களின் களப்பணி வேறு. அது பாடத்திட்டத்தின் பகுதி, மதிப்பெண் உண்டு. என்.எஸ்.எஸ். விருப்பத்தில் சேர்வது. என்.சி.சி.யில் (தேசிய மாணவர் படை) இருப்பவர் இதில் சேர முடியாது.

செய்த வேலையையும் மணி நேரத்தையும் அன்றன்றே டைரியில் எழுதி, திட்ட அலுவலரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி செமஸ்டரில் நினைவிலிருந்து எழுதினால் கணக்கு உதைக்கும்.