டாரஸ் லாரியில் போகும் 200 கோடி ஆண்டு

தக்கலை பக்கத்திலிருந்து ஒரு மாணவர் கேட்டிருந்தார்: "சார், எங்க வீட்டு முன்னால ராவும் பகலும் டாரஸ் லாரி கல்லு ஏத்திட்டுப் போவுது. அந்தக் கல்லுக்கு என்ன வயசு இருக்கும்? அத எப்படிக் கண்டுபிடிப்பாவ?"

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். நாகர்கோவிலைச் சுற்றிக் கிடக்கும், எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும் பச்சை கலந்த கரும்பாறை என்றால், அது பிறந்து ஏறத்தாழ 200 கோடி ஆண்டு. வெந்து 55 கோடி ஆண்டு. ஒரே கல்லுக்கு எதற்கு இரண்டு வயது? அதைச் சொன்னால் இரண்டாவது கேள்விக்கும் பதில் சொன்னதாகிவிடும். கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

அந்தப் பாறையின் பெயர் சார்னோகைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறையில் வைத்திருக்கும் கல் இந்த வகைதான் என்று கண்டு புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர். பல்லாவரத்தில் மலையாகக் கிடக்கிற கல். பல்லாவரைட் என்றே வைத்திருக்கலாம், கேட்க ஆளில்லை.

வயது என்றதும் "கார்பன் டேட்டிங்தானே?" என்பார்கள். கீழடிக்குப் பிறகு டீக்கடையிலும் அந்தச் சொல் புழங்குகிறது, எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பாறையிடம் அது செல்லாது. கார்பன்-14இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 5,730 ஆண்டு. ஐம்பதாயிரம் ஆண்டு தாண்டினால் எண்ணுவதற்கு மிச்சம் இருக்காது. அதோடு அது ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்கான கணக்கு. சார்னோகைட் என்றைக்கும் மூச்சுவிட்டதில்லை.

பாறைக்கு வேண்டியது ஆமை வேகத்தில் ஓடும் கடிகாரம். யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும். யுரேனியம்-235க்கு 70 கோடி. தோரியம்-232க்கு 1,400 கோடி. மூன்றும் படிப்படியாகச் சிதைந்து கடைசியில் ஈயமாக நின்றுவிடும்: முறையே ஈயம்-206, 207, 208. (இது காரீயம். பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம்.) சிதைவு அணுவின் கருவுக்குள் நடப்பதால், பாறை வெந்தாலும் நசுங்கினாலும் அதன் வேகம் மாறாது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், மேலே போவோம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கல்லில் இருக்கும் ஈயத்தில் எது யுரேனியம் பெற்ற பிள்ளை, எது முதலிலேயே அங்கே இருந்தது? ஈயம் இல்லாத இடமில்லை. 1956இல் விண்கற்களை அளந்து பூமிக்கு 455 கோடி ஆண்டு என்று சொன்ன கிளேர் பேட்டர்சனை, அதற்கு முன் பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத் தூசியிலிருந்த ஈயமே படாதபாடு படுத்தியது. பெட்ரோலில் ஈயம் கலப்பதற்கு எதிராக அவர் பின்னாளில் போராடியதற்கு வித்து அந்தத் தொல்லைதான்.

இந்த இடத்தில்தான் ஜிர்கான் வருகிறது. மணவாளக்குறிச்சிக்காரர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கடற்கரைக் கருமணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், கார்னெட், மோனசைட் என்று பிரித்தெடுக்கிறார்களே, அந்தக் கூட்டத்தில் ஒன்று. மலைப்பாறை மக்கி, ஆற்றோடு கடலுக்குப் போய், தென்மேற்குப் பருவமழைக் காலத்து அலை அதைச் சுளவில் போட்டுப் புடைத்து, லேசான வெண்மணலைத் தள்ளிவிட்டுக் கனமானதைக் கரையில் விட்டுச் செல்கிறது. அந்த மணலில் வெயில் நேரத்தில் செருப்பில்லாமல் நடந்தவர்களின் உள்ளங்காலுக்குக் கருப்பு எப்படி வெப்பத்தை வாங்கும் என்பதும் தெரியும்.

ஜிர்கான் என்பது ஜிர்கோனியம் சிலிக்கேட். பாறைக்குழம்பு ஆறி உறையும்போது அதில் சின்னச் சின்னப் படிகமாக விளையும். பெரும்பாலும் தலைமுடியின் பருமன்தான், கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். அதன் அணுக்கட்டுக்குள் ஜிர்கோனியம் உட்காரும் இடத்தில் யுரேனியமும் நெருக்கியடித்து உட்கார்ந்துவிடும். இரண்டுக்கும் நான்கு மின்னூட்டம், அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஈயத்துக்கு இரண்டுதான் மின்னூட்டம், உடம்பும் பெருத்தது. அதனால் வாசலிலேயே நிறுத்தப்படும். ஆகவே பிறக்கும்போது ஜிர்கானுக்குள் ஈயம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோவில் உண்டியல்தான் நினைவுக்கு வரும். காலி உண்டியலுக்குச் சீல் வைத்தாயிற்று. உள்ளே விழும் ஒவ்வொரு காசும் சீல் வைத்த பிறகு விழுந்தது. எந்த வேகத்தில் விழும் என்பதும் தெரியும். திறந்து எண்ணினால் எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடலாம்.

இதைவிட அழகு ஒன்று உண்டு. இந்த உண்டியலுக்கு இரண்டு வரிசை. யுரேனியம்-238 வரிசை நீளமானது, ஆனால் மந்தம். 200 கோடி ஆண்டில் நூறு பேரில் 27 பேர்தான் காசு போட்டிருப்பார்கள். யுரேனியம்-235 வரிசை குட்டையானது, ஆனால் வேகம். அதே காலத்தில் நூற்றுக்கு 86 பேர் போட்டு முடித்திருப்பார்கள். இரண்டு வரிசையும் போடும் காசு வேறு வேறு, ஒன்று 206, மற்றது 207. தனித்தனியாக எண்ணி, தனித்தனியாக வயது கணக்கிட்டு, இரண்டும் ஒன்றாக வந்தால் யாரும் உண்டியலில் கை வைக்கவில்லை என்று பொருள். கணக்கு எழுதுபவரும் தணிக்கை செய்பவரும் ஒரே ஜிர்கான் மணிக்குள்!

கை வைத்திருந்தால்? வைப்பதும் உண்டு. யுரேனியம் சிதையும்போது அருகிலிருக்கும் படிகக் கட்டு அடிபட்டு நொய்ந்துபோகும். அந்த விரிசல் வழியாகச் சூடான நீர் ஈயத்தைக் கசியவிடும். ஆனால் இந்தத் திருடனுக்கு ஒரு குறை இருக்கிறது. வேதியியலைப் பொறுத்தவரை 206உம் 207உம் ஒரே ஈயம்தான், அவனுக்குக் காசு பார்த்து எடுக்கத் தெரியாது. பாதியை அள்ளினால் இரண்டிலும் பாதி போகும். 200 கோடி ஆண்டு ஜிர்கானில் எட்டு 206க்கு ஒரு 207 என்ற கணக்கில் இருக்கும். நேற்றுத் திருட்டுப் போயிருந்தாலும் மிச்சமிருக்கும் காசு எட்டுக்கு ஒன்றாகவேதான் இருக்கும். 55 கோடி ஆண்டு மணி என்றால் பதினேழுக்கு ஒன்று. திருடியது போக மிஞ்சியதை வைத்தே உண்டியல் எப்போது வைத்தது என்று சொல்லிவிடலாம்.

நேற்று இல்லை, பல கோடி ஆண்டுக்கு முன் திருட்டு நடந்து, அதற்குப் பிறகும் காசு விழுந்துகொண்டே இருந்தால் கணக்கு குழம்பும். ஒரு மணியை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒரே பாறையிலிருந்து பத்து இருபது மணிகளை எடுத்து வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகும் இடங்களைச் சேர்த்தால் ஒரு வளைகோடு கிடைக்கும், அதற்குப் பெயர் கன்கார்டியா. 1956இல் ஜார்ஜ் வெதரில் கொடுத்தது. களவுபோன மணிகள் அந்த வளைவுக்குள் வராமல் விலகி, ஒரு நேர்க்கோட்டில் வரிசையாக நிற்கும். ஒரு மணியில் கொஞ்சம் போயிருக்கும், இன்னொன்றில் நிறைய. அந்த நேர்க்கோட்டை நீட்டினால் வளைவை இரண்டு இடத்தில் வெட்டும். மேலே வெட்டுமிடம் பாறை பிறந்த காலம். கீழே வெட்டுமிடம் திருட்டு நடந்த காலம். திருடன் தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் ஊர் ஜிர்கானில் திருட்டு மட்டுமா நடந்திருக்கிறது? மணியைப் பாதியாகத் தேய்த்து எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் உள்ளமைப்பு ஒளிர்ந்து தெரியும். சக்கைக்கொட்டையைச் சுற்றிச் சுளை இருப்பதுபோல், நடுவில் மெல்லிய வரிகளோடு ஒரு கரு, சுற்றிலும் வரியில்லாத ஒரு மேலுறை. கரு ஏறத்தாழ 200 கோடி ஆண்டு, உறை ஏறத்தாழ 55 கோடி. பூமிக்கடியில் 800 டிகிரிக்கு மேல் பாறை வெந்தபோது பழைய மணியின் மேல் புதிதாக வளர்ந்தது அந்த உறை. கல் வளரும் என்று ஊரில் பெரியவர்கள் சொன்னால் சிரிப்போம். முழுப் பாறையும் வளராது, சரி. ஆனால் இந்த ஒரு மணி வளர்ந்திருக்கிறது.

கருவையும் உறையையும் தனித்தனியாக அளக்க, முடியிழையில் மூன்றிலொரு பங்கு அகலத்துக்கு மட்டும் அயனிக் கற்றையால் சுரண்டும் கருவி வேண்டும். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவான அந்தக் கருவியின் சுருக்கப்பெயர் ஷ்ரிம்ப், அதாவது இறால். குளச்சல்காரர்கள் மன்னிக்க வேண்டும், இந்த இறால் பல கோடி ரூபாய். இப்படிப்பட்ட கருவி இங்கே இல்லாததால், குமரி மாவட்டப் பாறைகளின் வயதுகளில் பலவும் பெய்ஜிங் போன்ற ஊர்களில்தான் அளக்கப்பட்டன. 1851இலேயே புவியியல் ஆய்வுத் துறை தொடங்கிய நாடு நாம். டெல்லியில் இப்போது தேசியப் புவிக்காலவியல் மையம் வந்திருப்பது நல்லதுதான். ஆனாலும் பாறை தெற்கில் கிடக்கும்போது, ஒரு மாணவி தன் சொந்த ஊர்க் கல்லின் வயதை அறிய விமானத்துக்கும் வரிசைக்கும் காத்திருப்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

கருமணலில் இன்னொரு கடிகாரமும் உண்டு. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்றுநாரில் ஒட்டிய மணலில் மோனசைட்டைக் கண்டார். அவர் தேடியது கேஸ் விளக்கு மேன்டிலுக்கான தோரியம். நம்முடைய மோனசைட்டில் நூறு கிராமுக்கு எட்டு கிராம் அளவுக்குத் தோரியம் இருக்கும். 55 கோடி ஆண்டில் அதிலிருந்து 0.2 கிராம் ஈயம் விளைந்திருக்கும். அவ்வளவு தாராளம் என்பதால் 206, 207 என்று பிரிக்காமல் மொத்த ஈயத்தை மட்டும் அளந்தே வயது சொல்லிவிடலாம். ஆனால் மோனசைட்டுக்கு ஞாபகசக்தி குறைவு. பாறை வேகும்போது எளிதாகப் புதுப்படிகமாகிப் பழையதை மறந்துவிடும். ஜிர்கான் இரண்டையும் சொல்லும்.

இவ்வளவு பேசிவிட்டுக் குமரிக்கண்டத்தைத் தொடாமல் போனால் ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரேபோன்ற விலங்குகள் இருப்பதை விளக்க, இடையில் ஒரு நிலம் இருந்திருக்க வேண்டும் என்று விலங்கியலாளர் ஸ்கிளேட்டர் 1864இல் சொன்னதுதான் லெமூரியா. கண்டங்கள் நகரும் என்பது தெரியாத காலம். மடகாஸ்கர், இலங்கை, கிழக்கு அண்டார்க்டிகா பாறைகளிலும் நம்முடைய அதே 55 கோடி ஆண்டுத் தழும்பு இருக்கிறது. கண்டங்கள் மோதி கோண்ட்வானா என்ற பெருங்கண்டமாக ஒட்டியபோது எல்லோரும் சேர்ந்து வெந்திருக்கிறோம். நடுவிலிருந்த நிலம் மூழ்கிப் போகவில்லை, அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் விலகிப் போய்விட்டார்கள். 2013இல் மொரீஷியஸ் கடற்கரை மணலில் அந்தத் தீவைவிடப் பல மடங்கு பழைய ஜிர்கான் கிடைத்தது உண்மை. எரிமலைத் தீவின் அடியில் பழைய கண்டத்தின் துண்டு ஒன்று சிக்கியிருக்கிறது. ஆனால் அது உடைந்த காலத்தில் டைனோசர் இருந்தது. தமிழ்ச்சங்கம் வைக்க மனிதன் வேண்டுமே.

தக்கலை மாணவருக்கு இதையெல்லாம் எழுதினேன். மறுநாளே அடுத்த கேள்வி வந்துவிட்டது: "அப்போ கிரஷர்ல போட்டுப் பொடிச்சா அந்தக் கடிகாரம் நின்னுபோவுமா சார்?"

நிற்காது. கிரஷரின் அடி படிகத்தை உடைக்கும், அணுக்கருவை அதனால் தொட முடியாது. கேரள எல்லை தாண்டித் துறைமுகத்துக்காகக் கடலில் கொட்டிய கல்லிலும், உங்கள் வீட்டுச் சுவரில் பூசியிருக்கும் எம்-சாண்டிலும் சில மணி ஜிர்கான் இருக்கும். அவற்றில் காசு விழுந்துகொண்டுதான் இருக்கிறது.