கடலோரக் கடையில் அடுப்பு எதைக் காக்கும், ஐஸ் எதைக் காக்கும்?

பினாங்குத் தீவில் பத்து மாவுங், தெலுக் கும்பார், தெலுக் பாஹாங். அக்கரையில் புக்கிட் தம்புன், நிபோங் திபால். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, ஐஸ்மேல் அடுக்கிய மீன், எதிரே கடல். புரட்டாசியோ தைப்பூச விரதமோ முடிந்ததும் குடும்பம் குடும்பமாகப் போய் உட்காரும் இடங்கள் இவை. இவற்றில் நல்ல கடைகள் நிறைய உண்டு. விற்பனை வேகமாக நடப்பதால் மீன் தேங்குவதில்லை. அதுவே பெரிய பாதுகாப்பு. ஆனாலும் ஞாயிறு இரவு அங்கே சாப்பிட்டுவிட்டு மறுநாள் கிளினிக்குக்கு வருகிறவர்களும் உண்டு.

அவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "நல்லா வெந்ததைத்தானே டாக்டர் சாப்பிட்டோம்?" சில நேரங்களில் அது வெந்திருக்காது. வேறு சில நேரங்களில் வெந்திருந்தும் பயன் இருந்திருக்காது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி ஆபத்து விலகிவிடும். கெராங் என்ற சிப்பியைக் காப்பது அடுப்பு. கெம்போங் மீனைக் காப்பது ஐஸ். ஒன்று செய்யத் தவறியதை மற்றொன்றால் சரிசெய்ய முடியாது.

முதலில் கெராங். சேற்றில் வாழும் இந்த உயிரி, தண்ணீரை உள்ளிழுத்து வடிகட்டித்தான் இரை தேடுகிறது. அந்தத் தண்ணீரில் கழிவுநீர் கலந்திருந்தால் ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸ், டைபாய்டு, காலரா கிருமிகள் எல்லாம் அதன் உடலில் சேரும். மீனுக்குக் குடலை எடுத்துவிடுகிறோம். கெராங்கைக் குடலோடு சேர்த்தே விழுங்குகிறோம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சுத்தமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் பலர். மண் போகும், வைரஸ் போகாது.

நம் ஊரில் கெராங் கேட்டால் பெரும்பாலும் அரைவேக்காட்டில்தான் வரும். கொதிநீரை ஊற்றி, அரை நிமிடம் விட்டு வடித்துவிடுவார்கள். ஓடு லேசாகத் திறந்திருக்கும், உள்ளே சிவந்த சாறு நிற்கும். சார் குவே தியாவ் என்ற வறுத்த நூடுல்ஸிலும் அதைக் கடைசி நேரத்தில்தான் வாணலியில் போடுகிறார்கள். அந்தச் சிவப்பு கெராங்கின் சொந்த இரத்த நிறம். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அது மாறாமல் இருக்கிறது என்றால் உள்ளே சூடு போதவில்லை என்று அர்த்தம். ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸ் அழிய வேண்டுமானால் உட்சதை 90 டிகிரி செல்சியஸில் 90 வினாடி இருக்க வேண்டும். ஓடு அதற்கு வெகு முன்பே திறந்துகொள்ளும். ஓடு திறந்ததும் வெந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது. ஒரு கிலோ குளிர்ந்த கெராங்கின்மேல் ஊற்றிய கொதிநீரின் சூடும் சட்டென்று இறங்கிவிடும்.

வீட்டில் செய்வதானால் சிறு சிறு கூறாகப் போடுங்கள். தண்ணீர் மீண்டும் கொதித்து, ஓடுகள் திறந்தபின் மேலும் 3 முதல் 5 நிமிடம் அடுப்பிலேயே விடுங்கள். வேகும் முன்பே வாய் திறந்திருந்து, தட்டினாலும் மூடாதது செத்தது; வெந்த பிறகும் திறக்காததையும் நம்ப வேண்டாம். இரண்டையும் எறிந்துவிடுங்கள். கடையில், "கெராங் ரெபுஸ் லாமா சிக்கிட்" (கெராங்கைக் கொஞ்சம் அதிக நேரம் அவியுங்கள்) என்று சொன்னால் போதும், எந்தச் சமையற்காரருக்கும் புரியும். சதை சுருங்கிப் பழுப்பாக வரும். ருசி கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

1988இல் ஷாங்காயில் ஏறக்குறைய 3 லட்சம் பேருக்கு ஹெப்படைட்டிஸ் ஏ பரவியது. காரணம், கெராங் இனத்தைச் சேர்ந்த சிப்பியைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டதே. இந்த நோயின் அறிகுறி தெரிய 15 முதல் 50 நாள் ஆகும். கண் மஞ்சளாகும்போது எந்தக் கடையில் எதைச் சாப்பிட்டோம் என்பதே மறந்துபோயிருக்கும். முந்தைய தலைமுறையில் பலருக்குச் சிறுவயதிலேயே இது லேசாக வந்து எதிர்ப்பு சக்தி உண்டாகிவிட்டது. இன்றைய இளையோருக்கு அது பெரும்பாலும் இல்லை. வயது கூடி வந்தால் நோயும் கடுமையாக இருக்கும். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. அடிக்கடி சிப்பி சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வெப்பமான கடல்நீரில் இயற்கையாகவே வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா அவர்களின் இரத்தத்தில் கலந்து உயிரையே பறிக்கக்கூடும். சர்க்கரை நோயாளிகளும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பச்சைச் சிப்பியும் பாதி வெந்த கெராங்கும் இவர்களுக்கு வேண்டவே வேண்டாம். பீருக்குத் துணையாக ஒரு தட்டு கெராங் என்ற பழக்கம் உள்ள வீடுகளில் இதைக் கட்டாயம் பேசுங்கள்.

எவ்வளவு வேகவைத்தாலும் அழியாத நச்சும் சிப்பிகளில் சேர்வதுண்டு. கடலில் சில வகை நுண்பாசிகள் பெருகும்போது அது நடக்கும். 2024இல் போர்ட்டிக்சன் பக்கம் சிப்பி சாப்பிட்டவர்கள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. மீன்வளத் துறை ஓரிடத்துச் சிப்பியை வேண்டாம் என்றால், அந்த அறிவிப்பு நீங்கும்வரை தொடாதீர்கள்.

இனி மீன். கெம்போங் என்று நாம் வாங்கும் கானாங்கெளுத்தி, சூரை, வஞ்சிரம், மத்தி ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற சத்து அதிகம். பிடித்த மீன் வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அப்படி உருவான ஹிஸ்டமின் பொரித்தாலும், அசாம் போட்டுக் கொதிக்கவிட்டாலும், பிறகு ஐஸில் புதைத்தாலும் அழிவதில்லை. மீன் பார்க்க நன்றாகவே இருக்கலாம், நாற்றமும் இல்லாமல் இருக்கலாம். வாயில் வைத்ததும் மிளகு கடித்ததுபோல் நாக்கு சுரீர் என்றால் அந்த மீனை அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும், தடிப்பு வரும், வயிறும் கலங்கலாம். பார்ப்பதற்கு அப்படியே அலர்ஜி. "மீன் உடம்புக்குச் சேரல" என்று முடிவுகட்டி வாழ்நாள் முழுக்க மீனை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. மருத்துவரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள்: அதே மீனை முன்பு சிக்கலில்லாமல் சாப்பிட்டிருக்கிறீர்களா, அதே தட்டிலிருந்து சாப்பிட்ட வேறு யாருக்கும் இப்படி ஆனதா. இரண்டுக்கும் ஆம் என்றால் குற்றவாளி ஹிஸ்டமினாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். மூச்சு முட்டினாலோ, உதடும் நாக்கும் வீங்கினாலோ, காரணம் எதுவானாலும் உடனே 999.

எனவே மேசையில் உட்காருவதற்கு முன் மீன் அடுக்கிய இடத்தைப் பாருங்கள். நம் வெயிலுக்கு, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது குறைந்தபட்ச அளவு. மீன் ஐஸுக்குள் புதைந்திருக்க வேண்டும். ஐஸ்மேல் படுக்கவைத்தால் அடிப்பக்கம் மட்டுமே குளிரும். உருகிய நீர் தேங்காமல் வடிய வழி இருக்க வேண்டும். கண் புடைத்துத் தெளிவாக, செவுள் சிவப்பாக, விரலால் அழுத்தினால் சதை மீண்டு வர வேண்டும். வயிறு வெடித்த கெம்போங் வேண்டாம். கொடுவா, களவா போன்றவை கூண்டுகளில் வளர்த்து உயிரோடு தொட்டிக்கு வருகின்றன. அவற்றில் ஹிஸ்டமின் பயம் குறைவு. ஆனால் தொட்டியில் வயிறு மேலாக மிதப்பதை வலையில் அள்ளினால் வேறு கேளுங்கள். திருக்கை மீனில் அம்மோனியா நெடி அடித்தால் அது பழசு. சம்பலைத் தடவிச் சுட்டபின் அந்த நெடி எளிதில் தெரியாது, அதனால் சுடும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். விலை பெரும்பாலும் 100 கிராமுக்குத்தான் எழுதியிருக்கும். 100 கிராம் 9 ரிங்கிட் என்றால் 800 கிராம் களவா 72 ரிங்கிட். பில்லைப் பார்த்துத் திகைக்க வேண்டியதில்லை, உங்கள் மீனை நேரில் பார்த்ததாகவும் ஆகும். நண்டு உயிரோடு இருக்க வேண்டும். கால் தொங்கிக் கிடப்பதை வாங்காதீர்கள். ஈரக் கயிறு தடிமனாகச் சுற்றியிருந்தால் கயிற்றுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

சமையல் பக்கம் கண்ணில் பட்டால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவித்த நண்டையும் இறாலையும் பச்சையாக இருந்த அதே கூடையில் கொட்டுகிறார்களா? விப்ரியோ கிருமி சூட்டில் எளிதில் சாகும். இப்படிக் கொட்டும்போது அது திரும்பவும் ஏறிக்கொண்டு, சூடு ஆறிய உணவில் வேகமாகப் பெருகும்.

இறால், நண்டு சேராதவர்களுக்கு அடுப்பு எந்த விதத்திலும் உதவாது. அந்த அலர்ஜியைத் தூண்டும் புரதம் சூட்டுக்குச் சிதைவதில்லை. இறாலைத் தொடாமல் கங்கோங் பெலாச்சான் சாப்பிடுகிறவர்களைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. பெலாச்சான் சிற்றிறாலில் செய்வது. சம்பல், லக்சாவில் ஊற்றும் ஹேகோ, ரோஜாக் எல்லாவற்றிலும் இறால் ஒளிந்திருக்கிறது. இறால் பொரித்த அதே எண்ணெயில் பொரித்த கணவாயும் ஆபத்துதான். ஆர்டர் கொடுக்கும்போதே, "அலர்ஜி உடாங், பெலாச்சான் பூன் தக் போலே" (இறால் அலர்ஜி, பெலாச்சானும் கூடாது) என்று சொல்லி, வேறு வாணலி கேளுங்கள்.

மிச்சத்தைப் பொட்டலம் கட்டினால் சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிஜ்ஜில் இருக்க வேண்டும். கடற்காற்று வாங்கிக்கொண்டே பேசி முடித்து, பாலம் தாண்டி வீடு சேர்வதற்குள் அந்த நேரம் கரைந்துவிடும். அப்படியானால் எடுத்து வராதீர்கள்.

உடம்பு சரியில்லாமல் போனால் மிஞ்சிய உணவை மூடி ஃபிரிஜ்ஜில் வையுங்கள், பில்லையும் எறிய வேண்டாம். சாப்பிட்ட நேரம், அறிகுறி தொடங்கிய நேரம், உடன் சாப்பிட்டவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். உணவு நச்சு, 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் மருத்துவர் அறிவிக்க வேண்டிய ஒன்று. மாவட்டச் சுகாதார அலுவலகத்தார் உங்களைத் தொடர்புகொண்டால் அந்தத் தாளில் உள்ளதைச் சொல்லுங்கள். எந்த உணவிலிருந்து மாதிரி எடுப்பது என்பதை அதைக் கொண்டுதான் முடிவு செய்வார்கள்.